பெரட்டு

பதுளைக் கல்லூரி விடுதியில் எங்களோடு இருந்த அந்த மாணவருக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. ஒல்லியான, நெடிய உருவம்; தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். உட்கார்ந்தாலும் வலது கால் ஆடிக்கொண்டேயிருக்கும்.

விடுதி வாழ்க்கையைச் சீர்செய்ய மாணவர்களிடமே யோசனை கேட்டார்கள். நாங்கள் நூலகம், விளக்கு என்று பக்கம் பக்கமாக எழுதினோம். அவர் எழுதியது ஒரே வரி: "விடியற்காலைப் பெரட்டை நிறுத்த வேண்டும்."

யாழ்ப்பாணத்துக்காரரான வார்டன் அதைப் புரட்டு என்று வாசித்துவிட்டார். "ஆரடா இஞ்சை புரட்டுச் செய்யிறது? பேரைச் சொல்லு. இல்லையெண்டால் பெட்டியைக் கட்டு!"

"புரட்டு இல்லீங்க ஐயா, பெரட்டுங்க. தோட்டத்துல விடியுமுன்ன ஆளுங்கள வரிசையா நிக்க வச்சுப் பேரு கூப்பிடுவாங்க. இங்கயும் மணியடிச்சு அதத்தானே செய்றீங்க? படிக்க வந்தும் பெரட்டா?"

மறுநாள் மணி அடிக்கவில்லை.

ஆசை தீரத் தூங்கி எழுந்து சன்னலைத் திறந்தேன். பனி மூடிய முற்றத்தில், நாங்கள் வழக்கமாக வரிசையில் நிற்கும் இடத்தில், அவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். கால் ஆடவில்லை. பெயர் சொல்லி அழைக்க வாயெடுத்தவன் அடக்கிக்கொண்டேன். அழைத்திருந்தால் "வந்திருக்கேங்க" என்று சொல்லியிருப்பாரோ என்று இன்றும் பயமாக இருக்கிறது.