அந்தோணியின் லெஃப்ட் சேனல்

1. போன்

"அண்ணே, லெஃப்ட் சேனல் படுத்துடிச்சி. நீங்க நேர்ல வந்தாதான் ஆவும்."

முதுநகரிலிருந்து அந்தோணி பேசினான். துறைமுகத்தில் விசைப்படகு என்ஜின் பார்க்கிற மெக்கானிக். ஓடுகிற என்ஜின் பக்கத்தில் நின்று, எந்த சிலிண்டரில் தட்டுகிறது என்று காதாலேயே சொல்லிவிடுவான். அந்தக் காதுக்காகவே படகுக்காரர்கள் அவனைத் தேடி வருவார்கள். அவன் ஆசைப்பட்டு வாங்கியது ஒரு பழைய ஸ்டீரியோ பிரீஆம்ப். சிதம்பரத்தில் ஆடியோ சர்வீஸ் கடையை மூடிவிட்டு வீட்டில் இருந்த என்னை பஸ் ஏற வைக்க அந்தப் பெட்டியால்தான் முடியும்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். ரெக்கார்டு பிளேயருக்கும், ஸ்பீக்கரை ஓட்டுகிற பவர் ஆம்ப்புக்கும் நடுவில் உட்காருவது பிரீஆம்ப். எவ்வளவு சத்தம், இடது வலது எவ்வளவு என்றெல்லாம் முடிவு செய்வது அதுதான். அந்தோணியின் பெட்டிக்குக் கனத்த அலுமினிய முகம். வால்யூம் குமிழைத் திருப்பினால் எண்ணெய் போட்ட கதவு மாதிரி போகும். மூடியைக் கழற்றினால் ஒவ்வொரு ரெசிஸ்டரையும் கண்ணால் பார்க்கலாம், கையால் மாற்றலாம். இப்போது வருகிற சாமான்களில் ஒரு சிப் போனால் மொத்தத்தையும் தூக்கிப் போடச் சொல்கிறார்கள், எனக்கு எரிச்சலாக வரும். அதே மாடல் என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. தினமும் அதில்தான் பாட்டுக் கேட்கிறேன். இன்னும் அலுக்கவில்லை.

2. நகராத குறை

கடலோர ஊரில் ஒரு சேனல் படுத்தால், பெரும்பாலும் உப்புக்காற்றில் சுவிட்ச் கருத்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்து நாலு தடவை திருப்பினால் சரியாகிவிடும். அந்த நினைப்பில்தான் போனேன்.

பாட்டு ஓடியது. இரண்டு ஸ்பீக்கரும் எனக்குச் சமமாகத்தான் கேட்டன.

"சரியாத்தானேடா இருக்குது?"

"உங்களுக்கு வயசாயிடிச்சிண்ணே. லெஃப்ட்டுல, ஜன்னல் பக்கத்து ஸ்பீக்கரு சுத்தமா டல்லடிக்குது."

எனக்கும் அறுபதைத் தாண்டி ரொம்ப நாளாகிறது. அவன் சொல்வது சரியாக இருக்கும் என்று நம்பிவிட்டேன்.

ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன்னால் ரிவர்ஸ் சுவிட்சைப் போட்டேன். இடதை வலதாக்கும், வலதை இடதாக்கும். பெட்டியைத் திறக்காமலே பழுதைத் தேட அதை வைத்த மகராசனுக்குக் கோயில் கட்டலாம். குறை இப்போது வலதில் கதவுப் பக்கம் தாவ வேண்டும். தாவவில்லை என்றான். ஸ்பீக்கர் வயர்களை இடம் மாற்றினேன். ஜன்னல் பக்கம்தான் என்றான். கடைசியில் ஸ்பீக்கர்களையே தூக்கி மாற்றி வைத்தோம். அப்போதும் ஜன்னல் பக்கம்தான்.

இனி மாற்றுவதற்கு அறையில் ஒன்றுதான் பாக்கி.

"நாற்காலிய திருப்பிப் போட்டு, ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி உக்காரு."

"எதுக்குண்ணே?"

"உக்காருடா."

உட்கார்ந்தான். "இப்ப எது டல்லு?"

கையைத் தூக்கிக் கதவுப் பக்கம் காட்டினான். காட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. பழுது பார்க்கிறவன் அல்லவா, குறை அவன் இடது காதில்தான் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டீ கொண்டுவந்த அவன் மனைவி ஸ்டெல்லாதான் முதலில் பேசினாள். "அண்ணே, ரெண்டு மூணு நாளா போன் வந்தா வலது காதுக்கே மாத்தி மாத்தி வெக்கிறாரு. கேட்டா, குளிக்கும்போது தண்ணி பூந்துடிச்சின்றாரு."

"காது போச்சின்னா எவண்ணே எங்கிட்ட என்ஜின் குடுப்பான்?" என்று கேட்டான் அந்தோணி. அடுத்த மூச்சிலேயே, "நாளைக்கு ஒரு படகு கடலுக்குப் போவணும். அத முடிச்சிட்டு ஆஸ்பத்திரி பாக்கலாம்" என்றான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "தட்டுற என்ஜின வெச்சிக்கிட்டு நாளைக்குப் பாக்கலாம்னு ஓனர் சொன்னா வுட்டுடுவியா நீ? சட்டைய மாட்டுடா."

அன்றைக்கே காது டாக்டரிடம் கூட்டிப் போனேன். எல்லாம் சோதித்துவிட்டு அவர் சொன்னார்: "இது நரம்பு சம்பந்தப்பட்டது. இப்படி திடீர்னு வந்தா ஒரு நாள்கூட தள்ளிப்போடக் கூடாது. சீக்கிரம் வந்தீங்க, நல்லது. யாரு கண்டுபிடிச்சது?"

அந்தோணி சொன்னான்: "எங்க வூட்டு பிரீஆம்ப் சார்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

3. நடு

மருந்து கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் காது திரும்பியது. முழுதாக இல்லை, முக்கால்வாசி. துறைமுகத்துக்குப் பழையபடி போகிறான். தட்டும் சத்தம் எங்கிருந்து என்று சொல்ல முன்னைவிடச் சற்று நேரம் எடுக்கிறதாம். ஆனாலும் சரியாகச் சொல்கிறானாம். அதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

பிறகு ஒருநாள் பாட்டுக் கேட்கப் போனேன். ரெக்கார்டைப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தான். பிரீஆம்ப்பில், இடது வலது சத்தத்தைப் பங்கு போடுகிற பேலன்ஸ் குமிழ் இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்து நின்றது. சர்வீஸுக்கு வருகிற எந்தப் பெட்டியையும் பேலன்ஸை நடுவில் வைத்துத்தான் திருப்பிக் கொடுப்போம். தொழில் பழக்கம், கை தானாகப் போனது.

"அண்ணே, அத தொடாதீங்க. எனக்கு அதுதான் நடு."

கையை எடுத்துக்கொண்டேன். இத்தனை வருஷமாக அந்தக் குமிழை நடுவில் வைப்பதுதான் வேலை என்று நினைத்திருந்தேன். அன்றிலிருந்து யார் வீட்டிலும் கேட்காமல் அதைத் தொடுவதில்லை.