முழங்காலில் எழுதிய குறிப்புகள்

அருள்நாயகி மன்னாரில் ஆங்கிலம் படிப்பித்தவர். இத்தாலியின் பலெர்மோ நகரத்துக்கு வந்த பிறகு பதினெட்டு வருடமாக வீட்டுவேலை. கடைசி ஆறு வருடமும் லிபெர்த்தா வீதியில், கண்பார்வை மங்கிக்கொண்டிருந்த, சிஞ்ஞோரா என்று அவர் கூப்பிட்ட ஒரு வயதான இத்தாலிய அம்மாவைப் பராமரித்தார். சிஞ்ஞோரா ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர்.

அவருடைய அலுமாரி நிறையப் புகைப்படத் தாள்கள். நானூறு வருடத்துக்கு முன் ஆங்கிலேயப் பாராளுமன்றத்தில் இருந்த ஓர் உறுப்பினர், கொப்பியை முழங்காலில் வைத்துக் கிறுக்கிய குறிப்புகள். அவையின் பதிவேட்டில் முடிவுகள் மட்டும்தான் இருக்கும். யார் என்ன பேசினார், யார் குறுக்கிட்டார் என்பதெல்லாம் அந்தக் கொப்பியில்தான் இருந்தது. கொப்பி இங்கிலாந்தில் ஒரு வீட்டுத் தீயில் எரிந்துபோனது. சிஞ்ஞோரா முன்னரே எடுத்த படங்கள்தான் மிச்சம்.

முதலில் பூதக்கண்ணாடி பிடிக்கத்தான் அருள்நாயகியைக் கூப்பிட்டார். சில மாதத்தில் அந்தக் கையெழுத்து அருள்நாயகிக்கே பிடிபட்டுவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசித்து வாசித்து எழுதுவார்.

"விளங்காத சொல்லுக்கு இடம் விடுங்கள். ஊகித்து எழுத வேண்டாம்," என்பார் சிஞ்ஞோரா. "அவர் அங்கே இருந்து காதால் கேட்டு எழுதினார். அதுதான் இதன் மதிப்பு."

அருள்நாயகி எழுதிப் பதினொரு கொப்பிகள் நிரம்பின; அவையும் அதே அலுமாரியில்தான் இருந்தன. அவையைக் கலைக்க வேண்டாம் என்று ஒரு கிழவர் மன்றாடிய பேச்சு வந்த அன்று, அருள்நாயகி அதை இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். குறிப்பு இப்படி முடிந்தது: "அழுதார். ஒருவரும் எழும்பவில்லை."

மார்ச் மாதம் சிஞ்ஞோரா இறந்தார். அடக்கம் முடிந்து நாலாம் நாள் அருள்நாயகி போனபோது அலுமாரியே இல்லை. மிலானோவிலிருந்து வந்த சிஞ்ஞோராவின் மகன் சுவரை அளந்துகொண்டிருந்தார்.

"அந்தத் தாள்கள்? நான் எழுதிய கொப்பிகள்?"

"பழைய கடதாசி எல்லாம் நேற்றே குப்பை வண்டியில் போய்விட்டது. உங்களுக்கு வேண்டிய உடுப்பு ஏதும் இருந்தால் எடுங்கள்."

அருள்நாயகி குப்பை சேர்க்கும் இடத்துக்குப் போய்க் கேட்டார். எல்லாம் அரைத்தாகிவிட்டது என்றார்கள்.

தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து பல்லரோ சந்தையில் மீன் வாங்கும்போது, ஒரே கோவிலுக்கு வரும் சுஜானியிடம் சொன்னார்.

"அக்கா, உங்களுக்கு எல்லாம் பாடமெல்லோ? இருந்து எழுதுங்கோவன்," என்றாள் சுஜானி.

எழுதத் தொடங்கினார். கிழவரின் பேச்சு மூன்று பக்கம் வந்தது. திரும்ப வாசித்தபோது பேனையைக் கீழே வைத்தார். அழகான வசனங்கள். எது கிழவர் சொன்னது, எது தன் மனம் சேர்த்தது என்று தெரியவில்லை. ஐயமான சொற்களை ஒவ்வொன்றாக வெட்டினார். கடைசியில் இரண்டு வரி மிஞ்சியது. அவற்றிலும் நிச்சயமில்லை.

"எழுதிறியளோ அக்கா?" அடுத்த ஞாயிறு சுஜானி கேட்டாள்.

"இல்லையடி. நான் எழுதினா அது என்ரை கதை. அந்த மனுசன் கதைச்சதை இனி ஒருத்தருக்கும் தெரியாது."

இப்போது வேறொரு வீட்டில் வேலை. அங்கே வாசிக்க ஒன்றுமில்லை. மத்தியானங்களில் அருள்நாயகி யன்னலோரம் சும்மா இருக்கிறார்.