குழாய்மேல் போட்ட பனி

அளவீட்டாளர் அந்தப் பனிமலை நிலையத்தில் பதினோரு ஆண்டுகளாக மண்ணின் வெப்பநிலையைப் பதிவு செய்துவந்தார். காலை எட்டு மணி, மாலை நான்கு மணி, ஐந்து ஆழங்கள். பதிவேட்டில் ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை.

அவ்வாண்டு முதல் பனியிலேயே சாலை மூடியது. பத்து நாள் தங்கிப்போக வந்திருந்த மனைவியின் தம்பியும் உள்ளே மாட்டிக்கொண்டார். சாலை திறக்க நான்கு மாதம் ஆகும். அவர் தமக்குத் தாமே ஒரு வேலை வைத்துக்கொண்டார்: வாசலிலிருந்து வெளிக்கதவு வரையிலான நாற்பது அடிப் பாதையில் விழும் பனியை, நாள்தோறும் தரை தெரிய வாரிக் கொட்டுவது.

"யாரு வரப்போறாங்கன்னு இப்படிச் சுத்தம் பண்றே?" என்று அக்கா கேட்டார்.

"யாரும் வர வேணாம்க்கா. நான் போகணும். வழி தயாரா இருக்கட்டும்."

ஐம்பத்து மூன்றாம் நாள் சமையலறைக் குழாயில் தண்ணீர் நூலாக இளைத்தது. அளவீட்டாளர் பதிவேட்டைப் புரட்டினார். குழாய் புதைந்த மூன்றடி ஆழத்தில் மண் இரண்டு டிகிரி.

"உறைய வாய்ப்பே இல்ல."

"உங்க நோட்டுல தண்ணி வருது. என் குழாயில வரலையே," என்றார் மனைவி.

அளவீட்டாளர் கடப்பாறையோடு இறங்கினார். குழாய் ஓடியது அந்தப் பாதையின் கீழேதான். ஓங்கிக் குத்தியதும் மண் கருங்கல்லாக ஒலித்தது. வெப்பமானிகள் நட்ட இடத்திலோ இடுப்பளவு பனி கிடந்தது. அதன் அடியில் மண் இளகியே இருந்தது. பனிப்போர்வை இருந்தால் மண்ணின் சூடு காற்றுக்குப் போகாது என்று ஆண்டுதோறும் அறிக்கை எழுதியவர், சொந்த வாசலைப் பார்க்கத் தவறியிருந்தார்.

"மாப்ள, வாரினதெல்லாம் திரும்பப் பாதையில போடணும்."

"அம்பது நாள் உழைப்பு அத்தான்! என்னை உசுரோட புதைக்கிறீங்க."

"உன்னை இல்ல, குழாயை. அது அடைச்சா, பனியை உருக்கிக் குடிக்க மண்ணெண்ணெய் பத்தாது."

தம்பி மண்வெட்டியை எடுத்தார். நண்பகலுக்குள் பாதை மறைந்தது. கதவையும் பாதிவரை பனி மூடியது. அன்றுமுதல் போக்குவரத்து ஜன்னல் வழியாக. வரும் நூலளவு தண்ணீரும் நின்று உறைந்துவிடாதிருக்கக் குழாயைத் திறந்தே வைத்தனர்.

பதினாறு நாள் மாற்றமில்லை. பதினேழாம் நாள் தண்ணீர் பென்சில் கனத்துக்குத் தடித்தது. அளவீட்டாளர் அதையும் குறித்தார்.

வெளியே புதுப்பனி இறங்கிக்கொண்டிருந்தது. தம்பி ஜன்னலருகே நின்றார்.

"இன்னும் நல்லா விழணும்னு வேண்டிக்கோடா," என்றார் அக்கா, குடத்தை நகர்த்தியபடி.

"அதைத்தான்க்கா வேண்டிக்கிட்டு இருக்கேன்," என்றார் அவர், திரும்பாமல்.