பதின்மூன்றாவது சிப்பி

முப்பது வருடம் பேருந்து ஓட்டியும் ஒரு புகார்கூட வாங்காதவர் கோல்வென். ஓய்வு பெற்றபின் மனைவி அன்னிக்கோடு, சமைத்துத் தங்கும் வசதியுள்ள கேரவன் வண்டியில் அட்லாண்டிக் கரையைச் சுற்றுகிறார். இன்று காலை அழுக்குத் தண்ணீரைக் கொட்டும் இடத்துக்குப் பத்து கிலோமீட்டர் போகச் சோம்பல்பட்டு, மேட்டுச் சாலையோர ஓடையிலேயே வண்டியின் கழிவுநீர்க் குழாயைத் திறந்துவிட்டார்.

"வேணாங்க, கீழே சிப்பிப் பண்ணை இருக்கு," என்றாள் அன்னிக்.

"நம்ம ரெண்டு தட்டு கழுவின தண்ணிக்கா கடல் கெட்டுடப் போகுது?"

மதியம் மேட்டிலிருந்து இறங்கி, சிப்பி வாங்க அதே பண்ணையில்தான் நிறுத்தினார்கள். பண்ணைக்காரி நோல்வென் வழக்கம்போல் டஜனுக்கு ஒன்று கூடுதலாக வைத்தாள்.

"எவனோ கேரவன்காரன் மேல அழுக்குத் தண்ணியத் தொறந்து விட்டிருக்கான். ஓடையெல்லாம் சோப்பு நுரை. வெளங்குவானா அவன்? உங்கள மாதிரி நல்லவங்களும் கேரவன்லதானே வர்றீங்க!"

அன்னிக் தலை குனிந்துகொண்டாள். கோல்வென் காசை எடுத்து எண்ணத் தொடங்கினார்.

அப்போது நோல்வெனின் பார்வை சாலைக்குப் போனது. அவர்கள் கேரவனின் சரியாக மூடாத குழாயிலிருந்து சொட்டிய தண்ணீர், மேட்டிலிருந்து அவள் கடைவாசல்வரை ஈரக்கோடு போட்டிருந்தது.

அவள் திட்டவில்லை. கூடுதல் சிப்பியைத் திரும்ப எடுக்கவும் இல்லை. பொட்டலத்தை நீட்டி, "குழாய மூடிட்டுப் போங்க, ஐயா," என்றாள்.

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை.