கிணற்றுக்கு 'வரேன்' சொன்ன மரகதம்

திருமுல்லைவாயில் பெண்களை வீடு வீடாகப் போய் அழைத்து, வரிசையாக அம்பத்தூருக்குக் கூட்டி வருகிறவர் நம் பள்ளி ஆயா. மரகதம் ஜுரத்தில் படுத்த பிறகு, எங்களை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, அவள் வீட்டுக்கு மட்டும் தனியாகப் போய் விசாரித்துவிட்டு வருவார். செவ்வாய்க்கிழமை காலை திரும்பி வந்தவர் குடையை விரிக்காமல் வெயிலிலேயே நின்றார்.

"பொண்ணுங்களா, இன்னிக்கு ஊட்டுக்குப் போங்க. நம்ம மரகதம் பூட்டா."

எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. வரிசையில் எனக்குப் பின்னால் அவள் நிற்கும் இடத்தை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

தோழிகளே, வெள்ளிக்கிழமைக் கூட்டங்களில் என் கட்டுரைகளைக் கேட்டிருக்கிறீர்கள். அவற்றை எழுதுவது நான், மேடையேறிப் படிப்பது மரகதம். நான் ஒரே ஒரு முறை ஏறினேன். உங்கள் முகங்கள் எல்லாம் ஒன்றாகக் கலங்கின. முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். மரகதம் ஓடி வந்து என் தாளைப் பிடுங்கி, அது தன்னுடைய முறை என்பதுபோல் கணீரென்று படித்து முடித்தாள். அப்புறம் என்னைத் தண்ணீர்ப் பானையடிக்கு இழுத்துப் போனாள். "நீ எழுதிக்கினே இரு பண்டிதரே, நான் கத்திக்கினே இருக்கேன். ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு ஆளு" என்றாள். அதைப் போலப் பாதுகாப்பான ஏற்பாடு வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அவளுக்கும் ஒரு பயம் இருந்தது. தண்ணீர். போன மழைக்காலத்தில் ஏரி மதகருகே அவளுடைய சின்னத் தம்பி வழுக்கி விழுந்தான். எருமை கழுவிக்கொண்டிருந்த ஒருவர் குதித்து அவனைத் தூக்கினார். மரகதம் கரையிலேயே நின்றிருந்தாள். அன்று மாலை என்னிடம், "நான் இன்னாடி பண்ணேன்? கத்திக்கினு நின்னேன். எனக்குக் கத்தத்தான் தெரிஞ்சுது" என்றாள். பிறகு என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். கோடை விடுமுறைக்குள் அவள் தன் அப்பாவின் கிணற்றைக் குறுக்கே நீந்திக் கடக்க வேண்டும். என் கட்டுரையை நானே மேடையில் படிக்க வேண்டும்.

முதல் நாள், மிதப்பதற்காகக் காய்ந்த சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினாள். அண்ணன் மேலே கயிற்றைப் பிடித்திருந்தான். கடைசிப் படியைக் கட்டிக்கொண்டவள் விடவே இல்லை. அவள் பல் கிடுகிடுத்தது மேலே நின்ற எனக்குக் கேட்டது. ஏர் பூட்டப் போன அவள் சித்தப்பா எட்டிப் பார்த்து, "இன்னா மரகதம், மீன் புடிக்கிறியா? குழம்புக்கு ஆவுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நடுங்கிக்கொண்டே மேலே ஏறி வந்தவள், கிணற்றைப் பார்த்து "வரேன்" என்றாள், உறவுக்காரர் வீட்டிலிருந்து கிளம்புகிறவளைப்போல.

"கெணத்துக்குப் போய் சொல்றியே, பைத்தியமா?" என்று கேட்டேன்.

"சொல்லிட்டா வந்தாவணும்ல? வரலைன்னா அது இன்னா நெனைக்கும்?"

ஒவ்வொரு லீவு நாளும் அப்படியே நடந்தது. நடுங்குவாள், இறங்குவாள், திட்டுவாள், ஏறுவாள், "வரேன்" என்பாள். தை பிறந்து தண்ணீர் கொஞ்சம் இறங்கிய பிறகு ஒருநாள் குடுக்கையை அவிழ்த்துப் படியில் வைத்தாள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டேன். தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. எதிர்ச் சுவரில் பளாரென்று கை விழுந்தபோதுதான் மூச்சு விட்டேன்.

"ஏன் பண்டிதரே, கண்ண மூடிக்கினா கீறே? அப்போ யாருதான் பாத்தது? மறுபடி நீந்தணுமா?"

பயம் போய்விட்டதா என்று கேட்டேன். தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: "அது எங்க போவும்? பயம் போனப்புறம் எறங்கலாம்னு குந்திக்கினு இருந்தா, அதுவும் பக்கத்துலயே குந்திக்கினு இருக்கும். இப்போ உன் மொற."

என் முறை தள்ளிக்கொண்டே போனது. யுத்த பயத்தில் பள்ளி மைதானத்தில் பதுங்குகுழி வெட்டினார்கள், அதனால் ஒரு வெள்ளிக்கிழமை கூட்டம் இல்லை. ஆவடிப் பக்கம் விமானம் இரைந்தது, எல்லோரும் குழிக்குள் ஓடினோம். மறு வாரமும் கூட்டம் இல்லை. குண்டுக்குப் பயந்து நடுங்கிய நான், கூட்டம் இல்லை என்றதும் சந்தோஷப்பட்டேன். அதற்குள் அவள் படுத்துவிட்டாள்.

விஷ ஜுரம் என்று யாரையும் உள்ளே விடவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். உங்களுக்கெல்லாம் தெரிந்த அந்தக் குரல் காற்றாகிவிட்டிருந்தது.

"படிச்சியா?"

"அடுத்த வாரம்."

அவள் கோபப்படவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, "பயமா கீதுடி" என்றாள். கிணற்றில்கூட அவள் அதைச் சொன்னதில்லை. "மருந்து கசக்குது. ஆனா குடிச்சிட்டேன். நாளைக்கும் குடிப்பேன்." நான் "வரேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அவளை உயிரோடு பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அம்மாவோடு துக்கத்துக்குப் போய்விட்டு அவள் வீட்டிலிருந்து கிளம்பும்போது, 'வரேன்' என்று சொல்ல வாய் தானாகத் திறந்தது. அம்மா என் கையை அழுத்தி, "ஒண்ணும் சொல்லாம வா" என்றாள். சாவு வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாதாம். அந்த வார்த்தையைச் சொல்லாமலே வந்தேன்.

இந்த அஞ்சலியை எழுதச் சொன்ன டீச்சர், பெரிய வகுப்புப் பெண் ஒருத்தி படிப்பாள் என்றார். நானே படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, அன்று இரவு சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், நான் மேடையேறிவிட்டேன். தாள் ஆடுகிறதா? ஆடும். முன்வரிசையில் இருப்பவர்கள் சிரிக்கலாம், மரகதமும் சிரித்திருப்பாள். ஆனால் தயவுசெய்து யாரும் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். யார் பார்த்தது என்று அவள் கேட்பாள்.

அவளுடைய துணிச்சல் எனக்கு வராது. அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒரு வார்த்தை மட்டும். இது சாவு வீடு இல்லை, இங்கே அதைச் சொல்லலாம். என்னைத் தாங்கிக்கொண்டிருக்கும் இந்தப் பலகை மேடையைப் பார்த்து, இறங்கும்முன் சொல்கிறேன்.

வரேன்.