கிரீசு சூடாக்கிய கட்டில்

பேருந்து டிப்போவில் அவரை எல்லோரும் கிரீசு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. எவ்வளவு சோப்பு போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் ஒரு கறுப்புக் கோடு நின்றுவிடும். அதனால் வந்த பெயர். நல்ல வாட்டசாட்டமான ஆள். நாள் முழுக்க வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடப்பார். ஊரே போர்த்திக்கொண்டு நடுங்கும்போதும் சட்டையின் மேல் பொத்தானைப் போடமாட்டார். உடம்பு வாகு அப்படி. "அண்ணன் பக்கத்துல வச்சா டீ கூட ஆறாது" என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டல் செய்வார்கள்.

நாற்பதைத் தாண்டி, இனிமேல் நமக்கு எதற்கு என்று அவரே கைகழுவிவிட்ட பிறகுதான் கல்யாணம் கூடிவந்தது. வேலையில் விரலை நசுக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டுப் போட்ட நர்ஸ் கணவனை இழந்தவள், நாலு வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தது. கட்டுப் பிரித்த பிறகும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அவர் அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருந்தார். ஒருநாள் அவளே கேட்டுவிட்டாள். "விரல் எப்பவோ ஆறிடுச்சு. இனிமே வந்தா, வந்த விஷயத்தைச் சொல்லுங்க." அவர் சொன்னார்.

தாயும் மகளும் இருந்த வீட்டுக்கே ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தார். பாத்திரக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் இரண்டு அறைகள். மூலை வீடு என்பதால் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் முதலில் இங்கேதான் வந்து கதவைத் தட்டும். ஜன்னல் சட்டத்தில் சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி. குழந்தையின் கட்டில் அந்த ஜன்னலுக்கு நேர் கீழே. அதை நகர்த்த வேறு இடமும் கிடையாது.

குழந்தை அவரிடம் ஒட்டவே இல்லை. அவர் கூடத்துக்கு வந்தால் அவள் அடுப்படிக்குப் போவாள். அடுப்படிக்குப் போனால் கூடத்துக்கு வந்துவிடுவாள். மாமா என்றுகூடக் கூப்பிடவில்லை. டிப்போ ஆள் ஒருவன் வாசலில் நின்று "கிரீசண்ணே" என்று குரல் கொடுத்ததைக் கேட்டுவிட்டு, அண்ணனை உதறிவிட்டுக் கிரீசை மட்டும் பிடித்துக்கொண்டாள். அம்மா அதட்டினாள். அவர்தான் தடுத்தார்.

"விடு. ஏதோ ஒண்ணு சொல்லிக் கூப்பிடுறாளே, அதுவே பெருசு."

குளிர் தொடங்கியதும் மனைவிக்கு நைட் டியூட்டி வந்தது. அதுவரை அவள் பக்கத்து வீட்டு அக்காவிடம் குழந்தையை விட்டுவிட்டுப் போவாள். அந்த அக்கா வீடு மாறிப் போயிருந்தாள். வேறு வழியில்லாமல் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

மெக்கானிக் அல்லவா, மெக்கானிக் மாதிரியே இறங்கினார். பழைய சைக்கிள் டியூபை நறுக்கி ஜன்னல் இடுக்கில் திணித்தார். காற்று நின்றது, ஆனால் மெத்தை மட்டும் தொட்டால் ஈரம் போலச் சில்லிட்டது. குழந்தை அதில் காலை வைத்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு அழுதாள். மறுநாள் கண்ணாடி பாட்டிலில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, காலுறைக்குள் போட்டுப் போர்வைக்கு அடியில் வைத்தார். நல்லவேளை, குழந்தை ஏறிப் படுப்பதற்கு முன்பே மூடி கழன்று மெத்தை முழுக்க நனைந்தது. காலையில் வீடு திரும்பிய மனைவிக்கு, கொடியில் தொங்கிய மெத்தையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"கொதிதண்ணி பட்டு வர்ற குழந்தைங்களை நான் தினம் பாக்குறேன். இந்த வீட்டுல அந்த வேலையே வேணாம்."

"அப்ப குளிருக்கு என்னதான் பண்றது?"

அவள் தலைமுடியை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்களே ஒரு அடுப்பு மாதிரிதான் இருக்கீங்க. பாட்டில் எதுக்கு?"

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்.

அன்று சாப்பாடு முடிந்ததும் கை கால் கழுவி, துவைத்த பனியன் போட்டுக்கொண்டு குழந்தையின் கட்டிலில் ஏறிப் படுத்தார். முழங்காலுக்குக் கீழே முழுவதும் வெளியே தொங்கியது. குழந்தை ஸ்வெட்டரோடு நாற்காலியில் உட்கார்ந்து, தன் சொத்தை யாரோ வளைத்துப் போட்டுவிட்ட மாதிரி முறைத்தாள்.

"அது என் கட்டிலு."

"தெரியும். சூடு பண்ணிக் குடுத்துட்டு நான் இறங்கிடுறேன்."

அவள் யோசித்தாள். கொஞ்ச நேரம் கழித்து இறங்கி வந்து, மெத்தையின் ஓரத்தில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். "இங்க இன்னும் ஜில்லுனு இருக்கு. தள்ளிப் படு." அவர் தள்ளிப் படுத்தார். "இப்ப கீழ." கீழே நகர்ந்தார். தலையணை, கால்மாடு, சுவர் ஓரம் என்று ஒரு இடம் விடாமல் உருட்டி எடுத்த பிறகு, "சரி, போ" என்றாள். அவர் எழுந்த சூட்டில் அவள் நுழைந்துகொண்டாள். அவர் அடுத்த அறைக்குப் போய்ப் பாயை விரித்தார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க இதுதான் வழக்கமானது. டிப்போவில் சீட்டாட்டத்துக்குக் கூப்பிட்டால், "வீட்ல அடுப்பு மூட்டணும்" என்று கிளம்பிவிடுவார். கேட்டவர்களுக்கு ஒன்றும் புரியாது. படுத்ததும் கண் சொக்கும். குழந்தை காதைப் பிடித்து இழுப்பாள். "தூங்காத. தூங்குனா நான் எப்படிப் படுக்கிறது?" அவரைத் தூங்கவிடாமல் இருக்க அவள் பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொன்னாள்: யார் யாரைக் கடித்தது, யாருடைய பென்சில் யார் மூக்குக்குள் போனது. அவர் உம் கொட்டிக்கொண்டே கேட்டார். வீட்டில் வேறு எந்த நேரத்திலும் அவள் அவரிடம் இவ்வளவு பேசியது கிடையாது.

பனி இறுகியிருந்த ஒருநாள் அவருக்கு வேலையிலேயே உடம்பு முடியவில்லை. மனைவி டியூட்டிக்குக் கிளம்பும்போது காட்டிக்கொள்ளவில்லை. குழந்தைக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுக் கட்டிலில் படுத்தார். அவள் வழக்கம்போலக் கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னிக்கு சீக்கிரமே சூடாயிடுச்சே."

பிறகு சந்தேகம் வந்து, நர்ஸ் பெற்ற பிள்ளை இல்லையா, புறங்கையை அவர் நெற்றியில் வைத்தாள். "கிரீசு, உனக்கு ஜுரம்."

"ஒண்ணுமில்ல பாப்பா. இதோ இறங்கிடுறேன்." எழுந்தார், தலை சுற்றியது, திரும்பவும் உட்கார்ந்துவிட்டார்.

"படு," என்றாள். அம்மாவின் அதே குரல்.

காலையில் மனைவி கதவைத் திறந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கட்டிலில் அவர். அவர்மேல் வீட்டில் இருந்த போர்வை, துண்டு, அவளுடைய பழைய புடவை, குழந்தையின் ஸ்வெட்டர் எல்லாம் மலைபோலக் குவிந்து கிடந்தன. நெற்றியில் பாதி காய்ந்த கைக்குட்டை. அவர் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே, ஒரு பூனைக்குட்டிக்கு வேண்டிய இடத்தில், குழந்தை வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். அம்மாவின் கை பட்டதும் விழித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "சத்தம் போடாத. இப்பதான் தூங்குனாரு. நான்தான் பாத்துக்கிட்டேன்."

அவர் தூங்கவில்லை. 'தூங்குனாரு' என்று அவள் மரியாதை கொடுத்ததைக் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். கண்ணைத் திறந்தால் எங்கே அது போய்விடுமோ என்று அப்படியே கிடந்தார்.

ஜுரம் இறங்கிய பிறகு அவரைக் கட்டிலை விட்டு இறங்கச் சொல்ல குழந்தை மறந்துவிட்டாள், அல்லது மறந்த மாதிரி இருந்துவிட்டாள். அவர் கட்டிலின் கால்மாட்டில் இரண்டடிப் பலகையைக் கோத்து நீட்டினார். மூன்று குளிர்காலம் அப்படிப் போனது. பிறகு மனைவிக்குப் பகல் டியூட்டி கிடைத்தது. பெண்ணும் வளர்ந்து, "எனக்கே சூடு இருக்கு, நீங்க போய்ப் படுங்க" என்றாள். அன்று முதல் அவருக்குச் சாப்பிட்ட பிறகு என்ன செய்வதென்றே தெரியவில்லை. சீட்டாடப் போனார். எல்லா ஆட்டத்திலும் தோற்றார்.

இன்று அவர் ஓய்வு பெற்றவர். வேறு வீடு, ஜன்னல்கள் இறுக்கமாக மூடுகின்றன. பெண் வேறு ஊரில் மருந்துக் கடை நடத்துகிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவாள். "கிரீசு, மாத்திரை போட்டீங்களா?" என்றுதான் ஆரம்பிப்பாள். அவள் அவரை அப்பா என்று கூப்பிட்டதே இல்லை.

மனைவி ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அதுல உங்களுக்கு வருத்தம் ஏதும் உண்டா?"

என்ஜின் சத்தத்தைக் கேட்பவர்போலத் தலையைச் சாய்த்து யோசித்தார். "டிப்போ முழுக்க என்னை அப்படித்தான் கூப்பிட்டாங்க. ஆனா அவ கூப்பிட்டா மட்டும் எனக்கு எங்க இருந்தாலும் கேக்கும்."

அவள் சிரித்துவிட்டுக் காய் நறுக்கப் போனாள். அவர் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். பென்சில் மூக்குக்குள் போன அந்தப் பையன் யார் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளிடமே கேட்டுக்கொள்ளலாம் என்று எழுந்தார்.