ஒப்துலியா என் குரலைப் படித்த வருடம்

இஸ்தபலாபாவின் மேட்டுத் தெருக்களில் இருபத்தொன்பது ஆண்டுகளாக கேஸ் சிலிண்டர் விற்கிறேன். வண்டியை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு, சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "கா...ஸ்" என்று ஒரு இழுப்பு இழுப்பேன். எங்கள் ஊரில் ஒவ்வொரு கேஸ்காரனுக்கும் சொந்தமாக ஓர் இழுப்பு உண்டு. அதைக் கேட்டுத்தான் ஜனங்கள் தங்கள் ஆளை அடையாளம் கண்டு காலி சிலிண்டரை வாசலுக்கு உருட்டுவார்கள். என் குரல் மூன்று தெருவுக்குக் கேட்கும் என்று நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் கேட்கும். அதைக் கேட்டிராத ஒரே ஆள் என் மனைவி ஒப்துலியா.

பத்தொன்பது வயதில் அவளுக்குக் கடும் காய்ச்சல். அதற்குப் போட்ட ஊசி மருந்து காய்ச்சலோடு காதையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. அழுதுகொண்டு உட்காரும் ரகம் இல்லை அவள். தையல் வேலையில் சேர்ந்தாள்; உதட்டைப் பார்த்தே பேச்சைப் படிக்கக் கற்றாள். தையல் மெஷினில் ஏதாவது கோளாறு என்றால், உள்ளங்கையைப் பலகையில் வைத்தே கண்டுபிடித்துவிடுவாள்.

நான் அவளை முதலில் பார்த்தபோது சண்டைதான். காலி சிலிண்டர் வாசலில் இருக்கிறது, நான் உள்ளே நின்று கத்துகிறேன், அவள் முதுகைக் காட்டியபடி தைத்துக்கொண்டே இருக்கிறாள். நீ செவிடா என்று கேட்டேன். அவள் தற்செயலாகத் திரும்பினாள். என் உதட்டில் அந்தக் கடைசி வார்த்தை இன்னும் இருந்தது. ஆமாம் என்று தலையாட்டினாள். என் வாழ்நாளில் அப்படி வெட்கப்பட்டதில்லை. மன்னிப்புக் கேட்கப் போய்ப் போய், கடைசியில் கல்யாணத்தில் முடிந்தது.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருபத்து நான்கு வருடம் என்னை அவள் உள்ளங்கையால்தான் கேட்டாள். என் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு பேசச் சொல்வாள். எனக்கு அது போதும். அவளுக்குப் போதவில்லை. தெருவில் நாலு கேஸ்காரர்கள் கத்தும்போது அதில் என் புருஷன் யார் என்று எனக்கு மட்டும் தெரியவில்லை, அது தெரிந்தால் போதும் என்பாள். மூன்று வருடம் வரிசையில் காத்திருந்து, போன வருடம் அரசு மருத்துவமனையில் அவள் காதுக்குள் கருவி வைத்தார்கள்.

டாக்டர் யாதிரா ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். குரல் என்பது காற்றில் ஒரு நடுக்கம். அது காதின் சவ்வில் மோதுகிறது. சவ்வு மூன்று குட்டி எலும்புகளை ஆட்டுகிறது. அவை நத்தை ஓடு போலச் சுருண்ட குழாயில் இருக்கும் நீரைத் தள்ளுகின்றன. அந்த நீரில் ஆயிரக்கணக்கான நுண்மயிர்கள் அசைகின்றன. மயிர் அசைந்தால் மின்துடிப்பு கிளம்பி நரம்பு வழியாக மூளைக்கு ஓடும். ஒப்துலியாவுக்கு அந்த மயிர்கள் அழிந்துவிட்டன. மனிதக் காதில் அவை மறுபடி முளைப்பதில்லை. இப்போது நத்தைக்குள் ஒரு மெல்லிய கம்பி, அதில் மின்துடிப்பு கொடுக்கும் இருபத்திரண்டு புள்ளிகள். ஆயிரக்கணக்கான மயிர்களின் வேலையை இனி அவைதான் பார்க்க வேண்டும். காதுக்கு வெளியே மாட்டும் கருவி சத்தத்தைப் பிடித்து அவற்றுக்கு அனுப்பும்.

"காது அனுப்புறது வெறும் துடிப்புதாங்க," என்றார் டாக்டர். "அதை 'இது என் புருஷன் குரல்'னு ஆக்குறது மூளை. இவங்க மூளை அந்தப் பாடத்தை மறுபடி முதல்லேர்ந்து படிக்கணும். ஒரு வருஷமாவது ஆகும். எழுந்ததுலேர்ந்து படுக்கிற வரைக்கும் கருவி காதுல இருக்கணும். கழட்டி வச்சா படிப்பு நின்னுடும்." குரலுக்குக் குரல் வித்தியாசம் தெரியுமா என்று கேட்டேன். அதற்கு மட்டும் உத்தரவாதம் தர முடியாது என்று சொல்லிவிட்டார்.

கருவியை முதன்முதலில் முடுக்கிய நாளில், இஸ்திரி போட்ட சட்டையுடன் எதிரே உட்கார்ந்து, எனக்குத் தெரிந்ததிலேயே இனிமையான குரலில் அவள் பெயரைச் சொன்னேன்.

"தகர டப்பாக்குள்ள தவளை கத்துற மாதிரி இருக்கு கிழவா," என்றாள்.

டாக்டரின் குரலும் தவளைதான், நாற்காலியை இழுத்தாலும் தவளைதான் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு ஆறுதல். ஆனாலும் மனசு சுருங்கித்தான் போனது, அதை மறைப்பானேன்.

தினமும் சாயங்காலம் நான் சத்தமாக வாசிக்க வேண்டும், அவள் எழுத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே கேட்க வேண்டும் என்பது டாக்டர் கொடுத்த வீட்டுப்பாடம். நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கால்பந்துச் செய்தி, மாத்திரைச் சீட்டு, சோளமாவுப் பையின் பின்பக்கம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் திக்கித் திக்கி வாசித்தேன். நான் வார்த்தையை விழுங்கினால் அவள் விரல் அங்கேயே நின்றுவிடும். ஒருவருக்கு வாசிப்பும் ஒருவருக்குக் கேட்பும் வந்துகொண்டிருந்தது.

ஐந்தாம் மாதம் அந்தக் கூத்து நடந்தது. நான் மேட்டின் மறுபக்கத்தில் இருந்தேன். எங்கள் தெருவில் ஒரு "கா...ஸ்" கேட்டிருக்கிறது. மாடியில் தைத்துக்கொண்டிருந்த ஒப்துலியா மகிழ்ச்சியில் காலி சிலிண்டரை உருட்டிக்கொண்டு கீழே ஓடியிருக்கிறாள். வந்தவன் தாச்சோ, என் தொழில் எதிரி. அந்தப் பாவி, அவள் திகைத்து நிற்கும்போதே தன் சிலிண்டரை என் அடுப்படியிலேயே மாட்டிவிட்டுப் போனான்.

"பங்காளி, உன் வீட்டுச் சோறு இனிமே என் நெருப்புலதான் வேகுது," என்று மறுநாள் நடுச்சந்தையில் வைத்துச் சொன்னான். தெருவே இரண்டு வாரம் சிரித்தது.

நானும் சிரித்திருக்கலாம். என் புத்தி அப்படிப் போகவில்லை. வீட்டுக்கு வந்து, ஐந்து மாதம் தொண்டை வற்ற வாசித்தது இவன் குரலுக்கா என்று அவளிடம் கத்திவிட்டேன். அது அவளுக்குத் தெளிவாகவே கேட்டது. கருவியைக் கழற்றி நூல்கண்டுப் பெட்டியில் வைத்து மூடினாள். மூன்று நாள் அது வெளியே வரவில்லை.

நாலாம் நாள் நான் மட்டும் டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். மேசையைத் தட்டிச் சிரித்தார்.

"மாடியில உட்கார்ந்துக்கிட்டு, மெஷின் ஓடுறப்போ, தெருவுல கேட்ட ஒரு சத்தத்தை கேஸ்காரன் குரல்னு அவங்க கண்டுபிடிச்சிருக்காங்க. சாணை பிடிக்கிறவன்னோ குப்பை வண்டின்னோ நினைக்கல. அஞ்சு மாசம் முன்னாடி எல்லாமே தவளைதானே? சந்தோஷப்பட வேண்டிய நாள்ல கத்திட்டு வந்திருக்கீங்க."

வீடு வரைக்கும் என்னையே திட்டிக்கொண்டு நடந்தேன். பெட்டியைத் திறந்து கருவியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் உள்ளங்கையை என் நெஞ்சில் வைத்து, "தப்பு என் மேலதான் கிழவி," என்றேன். அவள் சற்று நேரம் முறைத்தாள். பிறகு கருவியை மாட்டிக்கொண்டு, சோளமாவுப் பையை எடுத்து என் முன்னால் போட்டாள்.

அதன் பிறகு மழைக்காலம் வந்தது. ஒரு காலை, நான் எங்கள் தெருமுனையில் சிலிண்டரோடு ஏறிக்கொண்டிருந்தேன். தாச்சோவின் வண்டி அடுத்த தெருவில் உறுமிக்கொண்டிருந்தது, அவனும் கத்திக்கொண்டிருந்தான். நானும் ஒரு இழுப்பு இழுத்தேன். வாடிக்கைக்காரர்கள் வழக்கம்போலக் கதவைத் திறந்தார்கள், வழக்கம்போல என்னிடம் பேரம் பேசினார்கள். யாரும் எதையும் கவனிக்கவில்லை.

மாடி ஜன்னல் திறந்தது. ஒப்துலியா எட்டிப் பார்த்தாள். நான் முதுகைக் காட்டி நின்றதால் என் உதடு அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

"கிழவா, உனக்குத் தொண்டை கட்டியிருக்கு. மேல வா, காகிதப்பூ கஷாயம் வச்சுத் தர்றேன்."

உண்மைதான். முந்தின நாள் நனைந்ததில் தொண்டை லேசாகக் கரகரத்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. இருபத்தொன்பது வருடம் என் குரலைக் கேட்டவர்களுக்கே தெரியவில்லை. என் குரல் இன்று சரியில்லை என்று சொல்ல, அது சரியாக இருந்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டுமே. அந்த இருபத்திரண்டு புள்ளிகளுக்கும், டாக்டர் யாதிராவுக்கும், விடாமல் படித்த அவள் மூளைக்கும் நான் எந்த ஜன்மத்தில் நன்றி சொல்லித் தீர்ப்பேன்? சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு நடுத்தெருவில் நின்று அழுதேன். பிறகு மேலே போய், அந்தக் கஷாயத்தை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தேன்.